பிரிவு எண்கள் தெரியும், உரிமையை யாரிடம் கேட்பது?

வாசகர் கேள்வி

பெரம்பூரில் இருக்கிறேன், வயது 25. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் படித்துவருகிறேன். அரசியலமைப்பில் எந்தப் பிரிவைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். போன மாதம் இரவு பதினொரு மணிக்கு வண்டியில் வரும்போது சோதனைக்கு நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் காட்டினேன். அப்புறம் போனை வாங்கி, பேட்டர்ன் போடச் சொல்லி, வாட்ஸ்அப், போட்டோ எல்லாம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் கொளத்தூரில் வாடகை வீடு பார்க்கப் போனோம். உரிமையாளர், "நீங்க என்ன ஆளுங்க? நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார், பிறகு வீடு இல்லை என்றார். தங்கையின் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து நான்கு மாதம் ஆகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் நாளை வா, நாளை வா என்கிறார்கள். இதில் எந்தெந்த அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறது? நேராக ஹைகோர்ட்டில் ரிட் (நீதிப்பேராணை கோரும் மனு) போடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பூர்)

பதில் சொல்பவர்: சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர்

தம்பி, மூன்று சம்பவங்களையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் அவற்றைப் பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும். காரணம், மூன்றிலும் எதிரில் நிற்பவர் வேறு வேறு ஆள். ஒன்றில் போலீஸ், ஒன்றில் தனியார் வீட்டு உரிமையாளர், ஒன்றில் வருவாய்த்துறை அதிகாரி. எந்த உரிமை என்று தேடுவதற்கு முன்னால், அந்த உரிமை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கேளுங்கள். அது தெரிந்துவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

பயிற்சி வகுப்புகளில் 12ஆம் பிரிவை ஒரு மதிப்பெண் கேள்வியாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அடிப்படை உரிமைகள் இருக்கும் மூன்றாம் பகுதியின் சாவியே அதுதான். 'அரசு' என்றால் யார் என்று அது சொல்கிறது: மத்திய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசு, சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகள், மற்ற அதிகார அமைப்புகள். ஆகவே உங்கள் தெருவில் குப்பை அள்ளும் சென்னை மாநகராட்சியும் அரசுதான், மின் வாரியமும் அரசுதான், சோதனைச் சாவடியில் நிற்கும் காவலரும் அரசின் கைதான். அடுத்து வரும் 13ஆம் பிரிவு, அடிப்படை உரிமைக்கு முரணாக இவர்கள் போடும் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை இந்த அதிகாரத்துக்குப் போட்ட கட்டுதான். குடிமக்கள் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மற்ற சட்டங்கள் பார்த்துக்கொள்கின்றன.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். சில பிரிவுகள் தனி மனிதர் மீதும் பாயும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு அப்படிப்பட்டது. கொத்தடிமை முறையைத் தடுக்கும் 23, பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை ஆலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் அமர்த்தக் கூடாது என்னும் 24 ஆகியவையும் அப்படித்தான். திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளையில் முன்பணத்துக்காகப் பூட்டிவைக்கப்பட்ட குடும்பத்துக்கு எதிரில் நிற்பவர் சூளை முதலாளி, அரசு அதிகாரி கிடையாது. இருந்தும் 23 அவர்களுக்குக் கைகொடுக்கும். 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவும் இந்த வரிசைதான்: கடை, உணவகம், ஓட்டல், பொழுதுபோக்கு இடம், பொதுக் கிணறு, குளம், சாலை இவற்றில் மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் சொல்லி யாரையும் யாரும் தடுக்கக் கூடாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, தேர்விலும் கேட்பார்கள். பேச்சுரிமை, கூடும் உரிமை, நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை எல்லாம் சேர்ந்த 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். 14-ம் 21-ம் 'எவருக்கும்' என்று சொல்கின்றன. மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் ஒருவர் இந்தியக் குடிமகனாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் சட்டத்தின் முன் சமத்துவமும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள பாதுகாப்பும் அவருக்கு உண்டு.

சரி, இப்போது உங்கள் போன் விஷயம்.

சாலையில் சீருடையில் உள்ள காவலர் லைசென்ஸ் கேட்டால் காட்டத்தான் வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. டிஜிலாக்கரில் இருப்பதைக் காட்டினாலும் போதும். குடித்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் ஊதச் சொல்லலாம். அதே சட்டத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்க்கலாம் என்று எந்த வரியும் கிடையாது. போலீசுக்குத் தேடுதல் அதிகாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு குற்றத்தைப் பற்றிய விசாரணை நடக்க வேண்டும், எதைத் தேடுகிறோம், ஏன் என்று எழுதிவைக்க வேண்டும், அப்புறம்தான் தேடல். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் இதைத்தான் சொல்கிறது. வண்டியில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி போட்டோ பார்ப்பது இதற்குள் வராது.

அரசியலமைப்பில் இது எங்கே இருக்கிறது என்றால், 21ஆம் பிரிவில். அந்தரங்கம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் விஷயத்தில் முதல் படியே தேறவில்லை. ஆகவே அந்த இரவு மீறப்பட்டது உங்கள் 21ஆம் பிரிவு உரிமை.

20ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவையும் நீங்கள் நினைத்திருப்பீர்கள், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை. அது குற்றம் சாட்டப்பட்டவருக்கானது. உங்கள் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லையே. வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் போன் கடவுச்சொல்லைக் கட்டாயப்படுத்தி வாங்கலாமா என்பதில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் சாலையில் நின்றுகொண்டு 20(3) என்று வாதாட வேண்டாம்.

வேறு என்ன செய்வது? பிடுங்கினால் இழுத்துப் போராடாதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக உங்கள் மேலேயே வழக்கு வரும். குரலை உயர்த்தாமல், "சார், என் மேல ஏதாவது வழக்கு இருக்கா? எதுக்காக போனைப் பார்க்கணும்?" என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. சட்டையில் இருக்கும் பெயரைப் பாருங்கள், நேரம், இடம், ரோந்து வாகனத்தின் எண் இவற்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். வாய் வரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இரவு பதினொரு மணிக்கு நாலு காவலர் சூழ நிற்கும்போது யாருக்கும் வராது, தம்பி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அங்கிருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருந்தால் விஷயம் இன்னும் தீவிரம், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். "சும்மா விசாரணைக்கு வாங்க" என்பதற்கும் கைதுக்கும் நடுவில்தான் நிறைய அநியாயம் நடக்கிறது. சாட்சியாக அழைப்பதென்றால் எழுத்தில் அழைக்க வேண்டும். பெண்களையும், பதினைந்து வயதுக்குட்பட்ட, அறுபது வயதைத் தாண்டிய ஆண்களையும், கடும் நோயாளிகளையும் அவர்கள் இருக்கும் இடத்திலேயேதான் விசாரிக்க வேண்டும். கைது என்றால் 22ஆம் பிரிவு உடனே விழித்துக்கொள்கிறது: காரணத்தைச் சொல்ல வேண்டும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அந்தப் பகுதிக்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், நேரமும் தேதியும் இருக்க வேண்டும் என்பது 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. பிற்பாடு அதெல்லாம் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

இந்த 24 மணி நேரம் ஏன் முக்கியம் என்பது எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ மாலையில் ரிமாண்டுக்காகக் காத்திருக்கும் நீதிமன்ற வராந்தாவில் நின்று பார்த்தால் புரியும். உள்ளே நடுவர் நிமிர்ந்து பார்த்து, "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்பார். பக்கத்திலேயே கூட்டிவந்த காவலர் நிற்பார். பையன் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்ப்பான், "இல்லீங்க" என்பான். வெளியே அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்பாள், அவளுக்கு அவன் தோளில் உள்ள வீக்கம் தெரியும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அரசியலமைப்பு அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. அடித்திருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். நடுவர் அதைப் பதிவுசெய்து மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார். பிறகு சொன்னால் 'அப்போது ஏன் சொல்லவில்லை' என்ற கேள்வி வழக்கு முடியும் வரை துரத்தும்.

வக்கீல் வைக்கக் காசு இல்லை என்பது காரணமாகவே இருக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் உள்ளவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பிரிவு எண்களோடு இந்த எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

22ஆம் பிரிவில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு 24 மணி நேர விதியும் வழக்கறிஞர் உரிமையும் பொருந்தாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. நம் ஊரில் 'குண்டாஸ்' என்கிறோமே, தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், அது இந்த ஓட்டை வழியாகத்தான் வருகிறது. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். மிச்சம் இருக்கும் பாதுகாப்பு மூன்று: மூன்று மாதத்தைத் தாண்டி வைக்க ஆலோசனைக் குழு போதிய காரணம் உண்டு என்று சொல்ல வேண்டும், எதற்காகப் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், முறையிடச் சீக்கிரம் வாய்ப்புத் தர வேண்டும். அதனால்தான் காவலில் உள்ளவரை விடுவிக்கக் கோரி எங்கள் உயர் நீதிமன்றத்துக்கு வரும் ஆட்கொணர்வு மனுக்களில் பாதிச் சண்டை தேதிகளைப் பற்றியே நடக்கும். மனு எந்தத் தேதியில் அரசுக்குப் போனது, பதில் ஏன் தாமதமானது, கொடுத்த நகல் படிக்கும்படி இருந்ததா, கைதானவருக்குத் தெரிந்த மொழியில் இருந்ததா என்று பார்ப்பார்கள். அந்தக் குறைகளால் ரத்தாகும் உத்தரவுகள் ஏராளம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் கேட்ட பெரிய வழக்குகளில் ஒன்று, மதராஸ் மாநிலத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலனுடையது. அவர் பெரும்பாலும் தோற்றார். சட்டப்படி நடைமுறை ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்க மாட்டோம் என்றது அன்றைய நீதிமன்றம். நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் மாறுவதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. உரிமையின் வாசகம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அதன் பொருள் விரிந்தது, வழக்குத் தொடுத்த மனிதர்களால்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு நீங்கள் விரும்பும் பதில் என்னிடம் இல்லை.

உரிமையாளர் 'அரசு' ஆக மாட்டார். ஆகவே சமத்துவம் பேசும் 14-ஐயோ, அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்னும் 15-இன் முதல் உட்பிரிவையோ காட்டி அவர்மேல் ரிட் போட முடியாது. 15(2)-இல் கடை, ஓட்டல் இருக்கிறது, வாடகை வீடு இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்வது, முன்பணம், வெளியேற்றுவது பற்றியெல்லாம் பேசுகிறது. யாருக்கு வீடு தர மறுக்கக் கூடாது என்று பேசவில்லை. குஜராத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் மதத்தாருக்கு மட்டும்தான் உறுப்பினர் உரிமை என்று விதி வைத்தபோது, 2005இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. ஆகவே மதத்துக்காகவோ சாப்பாட்டுக்காகவோ வீடு மறுக்கப்பட்டால், இன்றைய நிலையில் நேரடிச் சட்டத் தீர்வு அநேகமாக இல்லை. முன்னுரையில் சகோதரத்துவம் என்று எழுதிவைத்த நாட்டில், சென்னை போன்ற நகரத்தில், பெயரைக் கேட்டும் தட்டில் இருப்பதைக் கேட்டும் வீடு பூட்டப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதைத் தடுக்கச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவரலாம், அரசியலமைப்பில் அதற்குத் தடை எதுவும் கிடையாது. உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் எழுத்தில் கேளுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வது இல்லை. கேட்காத எதுவும் சட்டமாகாது.

ஆனால் நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, மறுத்ததற்குக் காரணம் சாதிதான் என்றால் நிலைமை வேறு. "என்ன ஆளுங்க" என்ற அந்தக் கேள்விக்கு அப்போது சட்டத்தில் எடை உண்டு. 17ஆம் பிரிவின் வழி வந்த 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 'புறக்கணிப்பு' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் வீட்டை வாடகைக்குத் தர மறுப்பதையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்குகிறது. எல்லா மறுப்பும் வழக்காக நிற்கும் என்று உறுதி தர மாட்டேன். என்ன பேசினார், யார் கூட இருந்தார்கள், புரோக்கர் அனுப்பிய மெசேஜில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். வழக்குப் பதிவானால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும்.

தங்கையின் சான்றிதழ்தான் மூன்றிலும் எளிது. எதிரில் இருப்பவர் சந்தேகமில்லாமல் அரசு, செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் இருக்கிறார். உங்கள் புத்தகத்தில் கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை என்று இருக்கும், கோர்ட்டில் நாங்கள் மாண்டமஸ் என்போம். ஆனால் நாளை காலையே அதற்கு ஓடி வராதீர்கள். உயர் நீதிமன்றம் முதலில் கேட்பது, "மனு கொடுத்தீர்களா, நகல் எங்கே?" என்றுதான். நீங்கள் நடந்த நடைக்குச் சான்று இல்லை. இ-சேவை விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கு எழுத்தில் ஒரு நினைவூட்டல் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள் அல்லது ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் மொழி எதிலும் எந்த அதிகாரிக்கும் தரலாம் என்று 350ஆம் பிரிவு சொல்கிறது, அதைக் குரூப் 2 படிப்பவர்கள்கூடக் கவனிப்பதில்லை. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி: விண்ணப்பம் எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து, என்ன காரணத்தால் நிற்கிறது? முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலான சான்றிதழ்கள் இந்த இரண்டு தாளிலேயே நகர்ந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் போங்கள், அப்புறம் ரிட். அப்போதும் நீதிமன்றம் பெரும்பாலும் 'சான்றிதழ் கொடு' என்று சொல்லாது, 'இத்தனை வாரத்துக்குள் மனுவைப் பரிசீலித்து உத்தரவிடு' என்றுதான் சொல்லும். கவுன்சலிங் தேதி நெருங்குகிறது என்றால் அதை மனுவிலேயே எழுதுங்கள், அவசரம் என்னவென்று தெரியட்டும்.

நேராக ஹைகோர்ட் போகலாமா என்று கேட்டீர்கள். 32ஆம் பிரிவை அரசியலமைப்பின் இதயம், ஆன்மா என்று அம்பேத்கர் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். அது அடிப்படை உரிமைக்காக மட்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் வழி. நமக்குப் பாரிமுனையிலேயே இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் 226ஆம் பிரிவு அதைவிட அகலமானது, அடிப்படை உரிமை தவிர மற்றச் சட்ட உரிமைகளுக்காகவும் போகலாம். வேறு தீர்வு கைவசம் இருக்கும்போது நீதிபதிகள் பொதுவாக அங்கேயே போகச் சொல்வார்கள். ஆள் சட்டவிரோதக் காவலில் இருக்கிறார் என்றால் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அன்றே கேட்பார்கள்.

படிக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரிமையைத் தரும் வரியோடு நிறுத்தாமல் அடுத்த வரியையும் படியுங்கள். 19(1) பேச்சுரிமை தருகிறது, 19(2) எந்தெந்தக் காரணத்துக்காக அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. அந்தக் கட்டு நியாயமானதாக இருக்க வேண்டும். நியாயம் என்பதை எப்படி அளப்பது என்ற அளவுகோலும் நம் ஊர் வழக்கில்தான் பிறந்தது. இங்கே வழக்கறிஞராக இருந்த வி.ஜி. ராவ் சார்ந்த மக்கள் கல்விச் சங்கத்தை மதராஸ் அரசு சட்டவிரோதமானது என்று அரசிதழில் அறிவித்தது. அந்த அதிகாரமே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை 1952இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 'முதல் திருத்தம், 1951' என்று நீங்கள் மனப்பாடம் செய்திருக்கும் வரிக்குப் பின்னாலும் சென்னைதான் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி, பொறியியல் கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் நீதிமன்றம் ரத்துசெய்தது, தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4)-ஐ நாடாளுமன்றம் சேர்த்தது. மத்திய சட்ட அமைச்சகத்தின் தமிழ்ப் பதிப்பை வைத்துக்கொண்டு மூன்றாம் பகுதியை இப்படி வழக்கோடு சேர்த்துப் படியுங்கள், எண்கள் தானாகவே நிற்கும்.

போன் விஷயத்தில் இப்போதும் புகார் கொடுக்கலாம். வேப்பேரியில் உள்ள காவல் ஆணையர் அலுவலகத்துக்கு எழுதலாம், அல்லது பசுமைவழிச் சாலையில் இருக்கும் மாநில மனித உரிமைகள் ஆணையத்துக்குக் கட்டணமில்லாமல் அனுப்பலாம். ஆணையம் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் வரும் புகாரைத்தான் எடுத்துக்கொள்ளும். தேதி, நேரம், இடம், நினைவிருக்கும் பெயர், நடந்தது என்ன என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.